உணர்வில்லாத தேமல்: தொழுநோயைக் கண்டறியும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் தோல் நோய்க்கு வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தேமலோ படர்தாமரையோதான் இருக்கும் என்பதால், எப்போதாவது வரும் தொழுநோய் மருத்துவரின் நினைவுக்கே வருவதில்லை. இந்திய அளவில் அது 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்தது 2005-இல். ஆனால் கிருமி புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக 5 ஆண்டுகளும், சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகும்.

நல்ல பகல் வெளிச்சத்தில், முதுகும் பிட்டமும் விடாமல் பார்க்க வேண்டும். வீடு தேடிச் செல்லும் செவிலியருக்கு, ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டால், செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றமான வளவே போதும். தொழுநோய்ப் படை (தோலில் தோன்றும் திட்டு) வெளிறியோ செம்பு நிறமாகவோ இருக்கும். வெண்புள்ளியைப் போலப் பால்வெள்ளையாக இராது, பெரும்பாலும் அரிக்காது. பஞ்சை முறுக்கிக் கூர்நுனியாக்கி, முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்டிவிட்டு, பிறகு கண்ணை மூடச் சொல்லிப் படையின் மேல் தொட வேண்டும், தேய்க்கக் கூடாது. தொட்ட இடத்தை அவர் விரலால் காட்டத் தவறினால் சந்தேகம் வலுக்கிறது. முகத்தில் மட்டும் இந்தச் சோதனையை முழுதாக நம்ப வேண்டாம். அங்கே நரம்புகள் மிகுதி என்பதால் உணர்வு எளிதில் மங்காது.

கிருமி மிகுந்த வகையில் படையில் உணர்வு இருக்கவும் கூடும். அப்போது காது மடல் தடித்திருக்கிறதா, புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பை இரு கைகளிலும் தடவி ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் கயிறு போல் தடித்திருந்தால் அதுவே முக்கியச் சான்று.

நம் ஊரில் மரத்துப்போனாலே 'சுகர்' என்று முடித்துவிடுகிறோம். சர்க்கரை நோயின் மரப்பு பெரும்பாலும் இரு பாதங்களிலும் ஒன்றுபோலத் தொடங்கும். விருந்துச் சமையல்காரர் ஒருவருக்குச் சுண்டுவிரலில் மட்டும் வலி தெரியாமல் தீக்கொப்புளம் வந்துகொண்டே இருந்தால், அந்த விரலுக்கு உணர்வு தரும் முழங்கை நரம்பைத் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

காது மடலிலும் படையின் ஓரத்திலும் தோலைக் கீறி எடுக்கும் பரிசோதனையில் கிருமி தென்படாவிட்டாலும் நோய் இல்லையென்று ஆகாது. படைகள் குறைவாக உள்ளவர்களுக்கு அது இயல்பே. உறுதியானால் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்: பொதுவாக 5 படைகள் வரை 6 மாதம், அதற்கு மேல் 12 மாதம். சிகிச்சைக்கு நடுவே நரம்பு வலித்தாலோ கை பலமிழந்தாலோ மருந்தை நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உடனே ஸ்டீராய்டு தொடங்கினால் கையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.