வாசலில் நிற்கிற வண்டிக்கு இன்ஜின் எதற்கு? எல்லையோர ஊர்களில் நடக்கும் தவறுகள்

பாலக்காட்டு எல்லை ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் டீசல் அடிக்க எல்லையைத் தாண்டி தமிழ்நாட்டு பெட்ரோல் பங்க்குக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அப்படி அடித்த டீசலைத்தான் பள்ளிக்கூட வாசலில் காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம் வண்டி நின்றபடியே எரித்துத் தீர்க்கிறோம். பெரிய பள்ளிப் பேருந்து நின்ற இடத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் போகும். இரண்டு லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு ஒரு லிட்டர். நான்கு ரூபாய் குறைவாக நாற்பது லிட்டர் அடித்து மிச்சம் பிடித்த 160 ரூபாய் இரண்டே நாளில் சைலன்சர் வழியே போய்விடும். 200 பள்ளி நாளைக்கு 200 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆகவே ஒரே பேருந்திலிருந்து ஆண்டுக்கு அரை டன்னுக்கு மேல். இதில் ஒரு அடி தூரம்கூட வண்டி நகரவில்லை.

மற்ற வண்டிகளின் கணக்கும் தெரிந்திருக்கட்டும். சின்ன பெட்ரோல் கார் ஏசி இல்லாமல் மணிக்கு 600 முதல் 800 மில்லி, ஏசி போட்டால் ஒரு லிட்டரைத் தொடும். லோடு லாரி இரண்டு முதல் மூன்று லிட்டர். 100, 125 சிசி பைக் 150 முதல் 200 மில்லிதான். ஆனால் வாசலில் நிற்பது ஒரு பைக் அல்லவே.

“திரும்ப ஸ்டார்ட் பண்ணினால்தான் அதிகம் குடிக்கும்”

எல்லாத் தவறுக்கும் வேர் இந்த நம்பிக்கைதான். கார்புரேட்டர் வண்டிக் காலத்தில் இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. சோக் இழுத்து, நாலு தடவை கிக்கர் மிதித்து, ஆக்சிலேட்டரை முறுக்கி ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் வீணாகத்தான் செய்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில், சூடான இன்ஜின் ஒரு விநாடியில் எடுத்துவிடுகிறது. எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும் என்று சென்சார் பார்த்து இசிஎம் என்ற வண்டிக் கணினி முடிவு செய்கிறது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு இது: பத்து விநாடிக்கு மேல் நின்றபடி ஓட்டினால், அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்வதைவிட அதிக எரிபொருள் போகிறது.

அதற்காகப் பத்து விநாடிக்கு ஒருமுறை சாவியைத் திருக வேண்டியதில்லை. செல்ஃப் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தேய்மானம் உண்டு. கார், பைக், ஆட்டோவுக்கு அரை நிமிடம், பேருந்துக்கும் லாரிக்கும் ஒரு நிமிடம் என்று எல்லை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள். பூட்டிய ரயில்வே கேட், பள்ளி வாசல், டீக்கடை, பங்க் வரிசை எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

காலையில் வண்டியைச் சூடேற்றுகிறேன் என்று ஐந்து, பத்து நிமிடம் ஓடவிடுவதும் அதே பழைய பழக்கத்தின் மிச்சம். ஆயில் மேலேறி ஓட முப்பது விநாடி போதும். பிறகு முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ரேஸ் கொடுக்காமல் மெதுவாக ஓட்டினால் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் சேர்ந்தே சூடேறும். நின்ற இடத்தில் ஓடினால் இன்ஜின் சூடேற இன்னும் அதிக நேரமாகும், அவ்வளவுதான்.

ஓட்டுநரைத் திட்டும் முன் பேட்டரியைப் பாருங்கள்

“ஏன் அண்ணா ஆஃப் பண்ணலை?” என்று கேட்டால் பல ஓட்டுநர்கள் சொல்லும் பதில், “ஆஃப் பண்ணினா செல்ஃப் எடுக்காதுங்க.” முப்பது பிள்ளைகளை ஏற்றிவிட்டு வண்டியைத் தள்ளச் சொல்ல முடியாது என்பது நியாயமான பயம். இங்கே தவறு ஓட்டுநருடையது அல்ல, பேட்டரி மாற்றித் தராதவருடையது.

சரிபார்ப்பது எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி நல்லதாக இருந்தால் 12.6 காட்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். 24 வோல்ட் வண்டியில் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாமல், அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் பெல்ட் இறுக்கத்தையும் பாருங்கள். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றி, வெந்நீரில் சோடா உப்பு கரைத்துக் கழுவித் துடைத்து, மாட்டியபின் வாஸலின் களிம்பு தடவுங்கள். ‘பேட்டரி செத்துப்போச்சு’ என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு இந்தச் சுத்தம் மட்டுமே போதும்.

பேட்டரி சார்ஜ் ஏறட்டும் என்று நின்ற இடத்தில் ஓடவிடுவதும் பலன் தராது. குறைந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் தருவதே கொஞ்சம். அதையும் லைட்டும் ஃபேனும் பாட்டும் எடுத்துக்கொள்ளும்.

ஏர் பிரேக் வண்டி ஓட்டுபவர்கள் சொல்லும் இன்னொரு காரணம், “ஏர் இறங்கிடும்.” இறங்கக் கூடாது, இறங்கினால் கசிவு இருக்கிறது. சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஏர் முழுதாக ஏறியதும் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பெடலை மிதிக்காமல் ஒரு நிமிடம் மீட்டரைக் கவனியுங்கள். 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் சோப்பு நுரையை ஹோஸ், ஜாயின்ட், வால்வு என்று வரிசையாகத் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் கோளாறு. ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிட்டால் வால்வு துருப்பிடிப்பது குறையும். கசிகிற ஏரை இன்ஜின் ஓட்டி ஈடுகட்டும் பேருந்து, பிரேக் கோளாறை மறைத்துக்கொண்டு ஓடுகிற பேருந்து. அதில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

“இங்கே காற்று அடிக்கிற அடியில் புகை நிற்குமா?”

பாலக்காட்டுக் கணவாய்க்காரர்கள் பெருமையாகச் சொல்வது இது. இடவப்பாதி மழைக்காலத்தில் காற்று வாரிக்கொண்டுதான் போகும். ஆனால் குழந்தை நிற்பது கணவாயில் அல்ல, மதிலுக்கும் பேருந்துக்கும் நடுவில் உள்ள நாலடி இடைவெளியில். சைலன்சர் வாயிலிருந்து அதன் மூக்குக்கு ஓரிரு மீட்டர்தான் தூரம். புகை கலைந்து போவதற்கு முன்பே அது மூச்சில் போய்விடுகிறது.

பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். எல்கேஜி படிக்கும் குழந்தை 20க்கு மேல் விடுகிறது; எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறது. நுரையீரல் வளர்ந்து முடியப் பதின்வயது தாண்ட வேண்டும். போதாக்குறைக்கு அதன் உயரம்: கார், ஆட்டோ, ஸ்கூட்டர் எதுவானாலும் புகை கக்கும் மட்டத்துக்கு மிக அருகில் இருப்பது அதன் முகம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ல் முதல் பிரிவில் வகைப்படுத்தியது. அது நீண்ட காலக் கதை. உடனே தெரிவது வீசிங், விடாத இருமல், கண் எரிச்சல். ஏற்கெனவே இளைப்பு உள்ள பிள்ளைக்கு வாசலில் பத்து நிமிடம் நின்றாலே தூண்டிவிடப் போதுமானது.

கரும்புகை வரவில்லை, அதனால் பரவாயில்லை என்பதும் தப்புக் கணக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நைட்ரஜன் ஆக்சைடும் அந்த அளவில் கண்ணுக்குத் தெரியாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகள் சுத்தமானவைதான், ஆனால் ஓடும்போது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா கரைசல் தெளிக்கும் வண்டிகளில், புகை சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். நின்றபடி ஓடும்போது புகை ஆறிவிடும், தெளிப்பு நின்றுவிடும்.

பேருந்துகளை முட்ட முட்ட ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவது வாசலில் நடக்கும் இன்னொரு தவறு. முன்வண்டியின் புகை பின்வண்டியின் கதவு, ஜன்னல் வழியே உள்ளே போய்த் தங்கும். வெளியே நிற்கும் குழந்தையைவிட உள்ளே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அதிகம் போகும் சமயமும் உண்டு. சாய்வாக நிறுத்த இடம் இருந்தால் சாய்வாக நிறுத்துங்கள். இல்லையென்றால் எல்லா வண்டியும் அணைத்தபின் பிள்ளைகளை விட்டு, எல்லாரும் ஏறி உட்கார்ந்தபின் முன்வண்டியிலிருந்து வரிசையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சைலன்சர் குழாயின் ஃப்ளெக்சிபிள் ஜாயின்ட்டில் ஓட்டை இருந்தால் தரைக்கடியிலிருந்தே புகை உள்ளே ஏறும். எஃப்சி காட்டும்போது மட்டும் பார்க்கிற விஷயமாக அதை விடக் கூடாது.

மீனம், மேடம் (பங்குனி, சித்திரை) மாதங்களில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது ஏசி இல்லாமல் பிள்ளைகளை உட்காரவைக்க முடியாது என்பது உண்மையான சிக்கல். வண்டியை நிழலில் போட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, கிளம்ப மூன்று நிமிடம் இருக்கும்போது பிள்ளைகளை ஏற்றுங்கள். ஓட ஆரம்பித்தபின் ஏசி வேகமாகக் குளிர்விக்கும்.

மிச்சம் பிடிக்கப் போய் ஆபத்தை வாங்குவது

அணைப்பது நல்லது என்று கேட்டதும் சிலர் ஒரு படி மேலே போய்விடுகிறார்கள். நெல்லியாம்பதியிலிருந்து நென்மாறைக்கு இறங்கும்போதும், வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஆழியாறுக்கு வரும்போதும், இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. காரில் இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டரில் இரண்டு, மூன்று மிதிக்குத்தான் பலம் மிஞ்சும்; பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் இறுகும். சாவியை முழுதாகத் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஏர் பிரேக் வண்டியில் கம்ப்ரசர் நின்று, வளைவுக்கு வளைவு மிதித்து டேங்க் காலியாகும்.

இத்தனை ஆபத்துக்கும் மிச்சம் ஒன்றுமில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் இசிஎம் எரிபொருளையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் ஓடும் இன்ஜினுக்கோ கொஞ்சம் ஊற்றியாக வேண்டும். கியரில் இறங்குவதுதான் சிக்கனம், பிரேக்கும் சூடேறாது.

டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சுழலி) உள்ள வண்டி மேட்டை முக்கி ஏறி உச்சியில் வந்து நின்றால் உடனே அணைக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஓடட்டும். கொதித்துக் கிடக்கும் டர்போ தண்டின் பேரிங்கில் ஆயில் ஓட்டம் நின்றால் அங்கேயே கருகிக் கரியாகும். கடைசி இரண்டு கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டி வந்திருந்தால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை. அணைக்கும் முன் ஒரு ரேஸ் கொடுத்துவிட்டு சாவியைத் திருப்பும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட வேண்டும்: அப்போது டர்போ உச்ச வேகத்தில் சுற்றும், ஆயிலோ நின்றுபோகும்.

பிஎஸ் 6 டீசலில் கரித்தூள் வடிகட்டி விளக்கு எரிந்தால், அதாவது டிபிஎஃப் எச்சரிக்கை வந்தால், அந்த நேரத்தில் அணைப்பது தவறு. நின்றபடி ஓட்டினாலும் பெரும்பாலான வண்டிகளில் அது தானாகச் சுத்தமாகாது. பொள்ளாச்சி–பாலக்காடு ரோடு போன்ற தடையில்லாத சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் கால் மணி நேரம் சீராக ஓட்டுங்கள். சிறு சிறு தூரம் ஓடி, நடுநடுவே நீண்ட நேரம் நின்று ஓடும் பள்ளி வேன்களில்தான் இந்த விளக்கு அடிக்கடி வருகிறது. சுத்தம் செய்ய எடுக்கும் முயற்சி பாதியில் நிற்கும்போதெல்லாம் கூடுதலாகத் தெளித்த டீசல் எரியாமல் ஆயிலோடு கலக்கும். ஆயில் குச்சியில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள், ஆயில் மாற்றுங்கள்.

ஓடுகிற வண்டியை விட்டு இறங்குவது

வாளையாறு செக்போஸ்ட்டிலோ கோபாலபுரத்திலோ பேப்பர் காட்ட இறங்கும்போது இன்ஜினை ஓடவிட்டுப் போகிறவர்களுக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, உரிமம் உள்ள ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது பொது இடத்தில் வண்டி நின்றால் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், பிரேக் போட்டிருக்க வேண்டும். பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு சாவியோடு ஓடும் காரை நிறுத்திப் போவது இதில் மிக மோசம். ஒரு குழந்தை கியரைத் தட்ட ஒரு நொடி போதும்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப வண்டிகள் வழியோரம் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியில் தூங்கும் வழக்கம் உண்டு. சைலன்சரில் சின்ன ஓட்டை இருந்தாலும், சுவரோ மண்மேடோ சைலன்சர் வாயை அடைத்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். ஏசியை உள்காற்றில் வைத்தாலும் அது தடுக்காது. ஜன்னலை ஒரு விரல் இறக்கிவைப்பதும் பாதுகாப்பு இல்லை. தலைவலி, மயக்கம் என்று உடம்பு எச்சரிப்பதற்குள் தூக்கம் ஆழமாகிவிடும். இன்ஜினை அணைத்து, நாலு ஜன்னலையும் இறக்கி, கொசுவுக்கு ஒரு வலைத்துணி கட்டிப் படுங்கள். குழந்தைகள் கூட வந்திருந்தால் பந்தலிலோ, பக்தர்கள் தங்கும் விரியிலோ படுக்கவையுங்கள்.