மேட்டூர் நிலவரத்தை வாசிப்பது எப்படி? நாற்றங்கால் விடுமுன் போட வேண்டிய கணக்கு

வைகாசி கடைசியில் எங்கள் ஊர் டீக்கடையில் முதல் கேள்வி, "மேட்டூர் எத்தனை அடி?" என்பதுதான். அந்த ஒரு எண்ணைக் கேட்டதும் விதைநெல்லை ஊறப்போட ஓடுபவர்கள் உண்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக்காரனான நானும் ஓடியிருக்கிறேன்.

அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2023இல் அன்று அணையில் 103 அடி இருந்தது. சொன்ன தேதியில் திறந்தார்கள், குறுவை (முதல் போக நெல்) போட்டோம். அக்டோபர் 10 அன்று மட்டம் 31 அடிக்கு இறங்கி அணையை மூடிவிட்டார்கள். மறு வருடம் ஜூலை தொடக்கத்தில் 40 அடிதான். ஜூன் 12 வந்து போனது, திறப்பே இல்லை. ஆனால் ஜூலை 28 அன்று திறந்து, 30ஆம் தேதி 120 அடி நிரம்பி வழிந்தது. அடியை மட்டும் பார்த்தவன் இரண்டு வருடமும் ஏமாந்தான். புதிதாக விவசாயத்துக்கு வந்திருப்பவர்களுக்காக, நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன்.

படி 1: அலகுகளைப் பழகிக்கொள்ளுங்கள்

மட்டம் அடியில், இருப்பு டிஎம்சியில், வரத்தும் திறப்பும் விநாடிக்குக் கனஅடியில். ஒரு டிஎம்சி என்றால் 100 கோடி கனஅடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆகவே விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்த 11,574ஐ மனப்பாடம் செய்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் வகுத்தல்தான்.

படி 2: நான்கு எண்ணையும் ஒரே வரியில் எழுதுங்கள்

தினமும் காலையில் நாளிதழிலோ செய்தியிலோ வரும் மட்டம், இருப்பு, வரத்து, திறப்பு நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாள் எண்ணால் பயனில்லை. ஒரு வாரம் எழுதினால்தான் போக்கு தெரியும்.

மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. 100 அடியில் ஏறக்குறைய 65 டிஎம்சி இருக்கும். அதாவது கடைசி 20 அடியில் மட்டும் 28 டிஎம்சிக்கு மேல். அணை மேலே போகப் போக அகலம். அதனால் மேலே ஓர் அடி ஏறுவதும் கீழே ஓர் அடி ஏறுவதும் ஒன்றல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மட்டம் 100 அடி, வரத்து 30,000, திறப்பு 12,000 கனஅடி என்று வையுங்கள். மிச்சம் 18,000. அதை 11,574ஆல் வகுத்தால் நாளுக்கு ஒன்றரை டிஎம்சி சேருகிறது. இதே போக்கில் போனால் நிரம்ப 18 நாள். இப்போது வரத்தை 2,000 ஆக்குங்கள். நாளுக்கு 0.86 டிஎம்சி கரைகிறது. 65ஐயும் கரைத்துவிட முடியாது, குடிநீருக்கென்று அணையின் அடிப்பகுதியில் நிறுத்தி வைப்பார்கள். 50 டிஎம்சி கிடைக்கும் என்றாலும் 58 நாள்தான் தாங்கும். குறுவைக்கு 110, 115 நாள் பயிர் போடுகிறவன் இந்த இடத்தில் ஒரு டீ குடித்துவிட்டு யோசிக்க வேண்டும்.

படி 3: மேட்டூருக்கு மேலே பாருங்கள்

என்னைக் கேட்டால் முக்கியமான படி இதுதான்.

வடக்கே பக்ரா அணைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சட்லெஜின் தலைமாட்டில் குளிர்காலப் பனி மலையிலேயே கிடக்கும். வசந்தத்தில் வெயில் ஏற ஏற உருகி வரும். மேலே எவ்வளவு பனி கிடக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து, உருகி வருமுன் அணையில் இடம் ஒதுக்கி வைக்கலாம். காவிரிக்குப் பனி ஏது? குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை ஓரிரு நாளில் ஆற்றுக்கு இறங்கிவிடும்.

நமக்குப் பனி மாதிரி முன்கூட்டிச் சொல்பவை கர்நாடகத்தில் இருக்கும் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும். கபினி 19.52 டிஎம்சி. சின்ன அணை, மழை பிடித்தால் சீக்கிரம் நிரம்பும். கிருஷ்ணராஜ சாகர் 49.45 டிஎம்சி, முழு மட்டம் 124.80 அடி. இரண்டும் நிரம்பும் தறுவாயில் மழையும் நிற்காமல் இருந்தால், வரும் நீரை அவர்கள் திறந்தே ஆக வேண்டும். அது பிலிகுண்டுலு (தமிழக எல்லையில் தண்ணீரை அளக்கும் இடம்), ஒகேனக்கல் தாண்டி மேட்டூருக்கு வர இரண்டு மூன்று நாள். 2024 ஜூலையில் நடந்தது இதுதான். விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி வந்தால் நாளுக்கு 8.64 டிஎம்சி. 40 அடியில் கிடந்த அணை நிரம்ப எத்தனை நாள் வேண்டும்?

மழை குறைந்த வருடத்தில் அதே அணைகள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உச்ச நீதிமன்றம் 2018இல் பிலிகுண்டுலுவில் தரச் சொன்னது வருடத்துக்கு 177.25 டிஎம்சி. அதில் ஜூன் பங்கு 9.19, ஜூலை பங்கு 31.24. இந்த இரண்டு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்து, மாதக் கடைசியில் வந்ததோடு ஒப்பிடுங்கள். ஜூன் பங்கே வராத வருடத்தில் நான் குறுவையில் பாதி நிலத்தைத் தரிசாக விட்டுவிடுவேன்.

படி 4: திறப்பெல்லாம் நமக்கென்று நினைக்காதீர்கள்

ஒரு வருடம் டிவியில் "மேட்டூரிலிருந்து ஒரு லட்சம் கனஅடி" என்று ஓடிக்கொண்டிருக்க, எங்கள் வாய்க்காலில் கணுக்கால் நனையவில்லை. முக்கொம்பு என்ற ஊரை மறந்திருந்தேன்.

அணைக்குக் கீழே பவானியும் அமராவதியும் வந்து சேரும். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரியும். பாசனத்துக்கான அளவு காவிரியில் கல்லணைக்குப் போகும். வெள்ளம் கொள்ளிடத்தில் கடலுக்குப் போகும். ஆக, மேட்டூரில் உபரிநீரை வெளியேற்றும் 16 கண் மதகைத் திறந்தார்கள் என்ற செய்தியில் முதலில் எழுந்திருக்க வேண்டியவர்கள் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு போன்ற கொள்ளிடப் படுகை ஊர்க்காரர்கள். ஆடு மாட்டை மேட்டுக்கு ஓட்ட அவர்களுக்கு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். வெண்ணாற்றுக்காரர்கள் பார்க்க வேண்டிய எண் வேறு: கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஒவ்வொன்றிலும் எவ்வளவு விடுகிறார்கள் என்பது.

படி 5: உங்கள் மடைக்கு நாள் எண்ணுங்கள்

மேட்டூர் திறந்து மூன்று நான்கு நாளில் கல்லணை திறப்பு. காய்ந்த மணல் முதல் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அதன் பிறகு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று பிரிந்து, முறை வைத்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்க வேண்டும். எங்கள் வயலுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். போன வருடம் எத்தனை நாள் ஆனது என்று உங்கள் ஊர் லஸ்கரை (மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியரை) கேளுங்கள், விரல் விட்டுச் சொல்வார். ஆழ்துளைக் கிணறு இல்லாதவர்கள் அந்த நாளுக்குப் பிறகே நாற்றங்கால் விடலாம்.

படி 6: ஐப்பசியில் நோட்டைத் திருப்பிப் பிடியுங்கள்

வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் பிடித்ததும் மேட்டூர் திறப்பைச் சட்டென்று குறைப்பார்கள். அது பற்றாக்குறை இல்லை. நம் வயலிலேயே தண்ணீர் நிற்கும்போது அங்கிருந்தும் அனுப்பினால் சம்பா (குறுவைக்கு அடுத்த போக நெல்) அழுகும். மிச்சம் பிடித்த அந்த இருப்புதான் தை மாதம், ஜனவரி 28 மூடும் தேதி வரைக்கும், பால் பிடிக்கும் கதிருக்கு வர வேண்டியது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் திறப்பு எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் ஊர் மழை எத்தனை மில்லிமீட்டர் என்று இன்னொரு கட்டம் போட்டு எழுதுங்கள். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால், நோட்டை வைத்துவிட்டு முதலில் அதை வெட்டப் போங்கள்.