முதன்முதலாகச் சொந்த ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) வாங்கும் ஆண்களுக்கு: எதை, எப்படிப் பார்த்து எடுப்பது?

நடுத்தரச் சரிவுகளில் தடுமாறாமல் இறங்குகிறீர்கள், இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்தே திரும்புகிறீர்கள் என்றால் நீங்கள் இடைநிலைக்கு வந்துவிட்டீர்கள். இந்தக் கட்டத்தில் ஆண்கள் பலரும் நீளமான, அகலமான, விறைப்பான ஸ்கீயைத்தான் தேடிப் போகிறார்கள். நானும் நடுப்பகுதி 100 மி.மீ. அகலம் இருந்த ஒன்றை வாங்கிவிட்டு, கெட்டிப்பனியில் இரண்டு பருவம் முழங்கால் வலியோடு திணறினேன். இப்போது எப்படிச் சறுக்குகிறீர்களோ, அதற்கு ஏற்றதை வாங்குங்கள்.

1. முதலில் பூட்

பணத்தில் பெரும்பங்கை பூட்டுக்கே ஒதுக்குங்கள். பூட்டுக்குள் பாதம் ஆடினால், எவ்வளவு நல்ல ஸ்கீயும் உங்கள் சொல் கேட்காது. நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விலக வேண்டும். இடைநிலை ஆண்களுக்குப் பூட்டின் விறைப்பு எண் (flex) பெரும்பாலும் 90 முதல் 110 வரை பொருந்தும்.

2. இடுப்பு அகலம்

என்னைக் கேட்டால், முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஸ்கீயின் மேல் 124-80-108 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். முனை, இடுப்பு (அதாவது ஸ்கீயின் நடுப்பகுதி), வால் மூன்றின் அகலம், மி.மீ. கணக்கில். நடு எண்ணைப் பாருங்கள்.

ஸ்கீயை விளிம்பில் சாய்த்தால்தான் அது பனியைக் கடித்துத் திரும்பும். இடுப்பு அகலமாக இருந்தால் விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போய்விடும். சாய்க்க நேரமும் பலமும் கூடுதலாக வேண்டும், அந்தச் சுமை முழங்காலில் இறங்கும். குறுகிய ஸ்கீ சட்டென்று சாயும். ஆனால் ஆழமான பொடிப்பனியில் நிலைமை தலைகீழ்: அகலமானது மிதக்கும், குறுகியது புதையும்.

இயந்திரம் சமப்படுத்திய பாதைகளிலேயே பெரும்பாலும் சறுக்குபவர் என்றால் 74–84 மி.மீ. எடுங்கள். பாதையோரப் பனியிலும் அடிக்கடி இறங்குவீர்களா? 85–95. நூறுக்கு மேல் போவது ஆழ்பனியைத் தேடிப் போகிறவர்களுக்கு மட்டும்.

3. நீளம்

ஸ்கீயை நிறுத்தினால் முனை உங்கள் தாடைக்கும் நெற்றிக்கும் நடுவில் வர வேண்டும். 175 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 162–172. ஆனால் ஸ்கீக்கு உங்கள் உயரம் தெரியாது. அதை வளைப்பது எடைதான். எடை அதிகமா, வேகம் பிடிக்குமா, சற்று நீளமாக எடுங்கள். ஒல்லியானவர், நிதானமானவர் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.

“தலைக்கு மேல் ஒரு சாண் இருக்கணும்” என்று மூத்தவர் யாராவது சொன்னால், அது பழைய நேரான ஸ்கீகளின் கணக்கு. 1993-இல் எலான் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ் போன்ற இடுப்பு ஒடுங்கிய ஸ்கீகள் வந்தபின் அந்த நீளம் தேவையில்லாமல் போய்விட்டது.

4. திருப்ப ஆரம்

ஸ்கீயிலேயே மீட்டரில் எழுதியிருக்கும். 13 முதல் 17 மீட்டர் வரை போதும். எண் சிறியதானால் திருப்பங்கள் குறுகலாக வரும்.

5. கையால் சோதியுங்கள்

இரண்டு ஸ்கீகளின் அடிப்பரப்புகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் தெரியும் இடைவெளிதான் கேம்பர். கெட்டிப்பனியில் பிடிப்பு தருவது அது. முனையருகே இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். நுனிக்கு வெகு முன்னாலேயே பிரிந்தால் ராக்கர், அதாவது முனை மேல்நோக்கி எழும் வளைவு, அதிகம். திருப்பத்தைத் தொடங்க எளிது, ஆனால் பனியைத் தொடும் நீளம் குறைவு. அப்படியானால் ஓர் அளவு நீளமாக எடுக்கலாம்.

அப்புறம், வாலைத் தரையில் ஊன்றி, முனையை ஒரு கையால் பிடித்து, நடுவில் மறு கையால் அழுத்துங்கள். கொஞ்சமும் வளையவில்லை என்றால் நடுத்தர வேகத்தில் அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். முழு நீளத்துக்கு உலோகத் தகடு வைத்தவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எடை குறைந்தவர்கள் மர உள்ளகம் மட்டும் உள்ளதையே எடுக்கலாம்.

6. பைண்டிங்

பூட்டை ஸ்கீயோடு பிணைத்து, விழும்போது விடுவித்து எலும்பைக் காப்பது இதுதான். விடுவிப்பு அளவு (எவ்வளவு விசையில் விடுவிக்கும் என்பதைக் காட்டும் எண்) 3 முதல் 10 அல்லது 11 வரை உள்ளது பெரும்பாலான இடைநிலை ஆண்களுக்குப் போதும். அதை நீங்களே திருகி வைக்காதீர்கள். எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், சறுக்கும் விதம் எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் வைக்க வேண்டும். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், திறமையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். உங்கள் பூட்டின் அடிவகை பைண்டிங்கோடு பொருந்துகிறதா என்றும் கேளுங்கள்.

7. ஒரு நாள் வாடகைக்கு

சரி, இரண்டு மூன்று பொருத்தமானவை கிடைத்துவிட்டன. ஒரே நாளில், ஒரே சரிவில், மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். காலையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கால் களைத்து, பாதை குண்டும் குழியுமான பிற்பகலில் எதில் நீங்கள் நினைத்த இடத்தில் திரும்ப முடிகிறதோ, அதை வாங்குங்கள்.