நீதிபதியாகவும் மாநகர முதல்வராகவும் இருந்தவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

மட்டக்களப்பு நீதிமன்றத்தில் 27 ஆண்டுகள் முதலியாராக வேலை செய்தேன். முதலியார் என்றால் சாட்சி சொல்வதை மொழிபெயர்த்து நீதிபதிக்குக் கொடுக்கும் உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகு, இறந்தவர்களின் 31ஆம் நாளுக்கு வெளியிடும் நினைவு மலர்களில் வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தருமாறு கேட்டு வருகிறார்கள். இதுவரை எட்டு எழுதியிருக்கிறேன். கடைசியாக எழுதியது நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்று, அதன்பின் ஒரு மாநகர சபையின் முதல்வரானவரைப் பற்றியது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரையும் அந்த நகரத்தையும் இங்கே சொல்லவில்லை. போன மாதம் கல்லடியிலிருந்து ஒரு தம்பி, இதேபோன்ற வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வந்தார். இரண்டு மாலைகள் என் வீட்டு விறாந்தையில் அவருக்குச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, இரண்டு கொப்பிகள் வாங்குங்கள். ஒன்று நீதிபதிக்கு, மற்றது முதல்வருக்கு. நீதிபதி தன் தீர்ப்பைப் பற்றி வெளியில் வாய் திறக்கக் கூடாதவர். முதல்வரோ வாய் திறக்காவிட்டால் ஒரு வட்டாரத்தில் வாய்க்கால்கூட வெட்ட முடியாது. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதினால், மேடையில் நன்றாகப் பேசியவரின் குரல் அமைதியாக இருந்தவரின் குரலை மூடிவிடும். எனக்கு வந்த பழைய மலர்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. முதல்வராக இருந்த சில ஆண்டுகள் பத்துப் பக்கம், நீதிமன்றத்தில் கழித்த இருபது ஆண்டுகள் அரைப் பக்கம்.

அடுத்து, அடைமொழிகளைப் பிடியுங்கள். 'நீதியின் சிகரம்', 'கறைபடியாத கரம்', 'ஏழைகளின் தோழன்' என்றெல்லாம் பாராட்டுரைகள் வந்து குவியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எந்த வழக்கு? எந்த நாள்? யார் கண்டது?' என்று எழுதி, அனுப்பியவரிடமே திரும்பக் கேளுங்கள். பதில் வந்தால் அந்தச் சம்பவத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு அடைமொழி தேவைப்படாது. பதில் வராவிட்டால் அதை எடுத்துவிடுங்கள்.

பதவிப் பெயர்களில் மிகுந்த கவனம் வேண்டும். நம் நாட்டில் உயர் நீதிமன்றம் என்றால் கொழும்பில் இருக்கும் நாட்டின் உச்ச மன்றம். மேல் நீதிமன்றம் என்றால் மாகாணங்களில் பாரிய குற்ற வழக்குகளை விசாரிப்பது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்பது மாநில மன்றம், அதற்கு மேலே உச்ச நீதிமன்றம். இந்தக் குழப்பத்தில் நானே ஒரு முறை தவறினேன். மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவரை உயர் நீதிமன்ற நீதியரசர் என்று எழுதி, அது 300 பிரதிகளில் அச்சாகிவிட்டது. அவருடைய மனைவி என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த நீதிபதி உயிரோடிருந்தால் அந்தப் பொய்ப் பெருமைக்கு முகம் சுளித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நீதவான், மாவட்ட நீதிபதி, மேல் நீதிமன்ற நீதிபதி, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி, உயர் நீதிமன்ற நீதியரசர் என்ற படிவரிசையைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, உங்கள் ஆள் எந்தப் படியில் எந்த ஆண்டு நின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளூராட்சியிலும் இதே சிக்கல்தான். மட்டக்களப்பு 1967இல்தான் மாநகர சபையானது. செல்லையா இராசதுரைதான் முதன்முதலில் முதல்வரானவர். அதற்கு முன் இருந்தது நகர சபை, அதன் தலைவர் தவிசாளர். ஆகவே 1960இல் ஒருவர் மட்டக்களப்பு மாநகர முதல்வராக இருந்தார் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொன்று, போர்க்காலத்தில் இங்கே உள்ளூராட்சித் தேர்தல்கள் ஒழுங்காக நடக்கவில்லை. 1994க்குப் பிறகு 2008 மார்ச் 10ஆம் திகதிதான் மட்டக்களப்பில் மீண்டும் வாக்களித்தோம். இடைப்பட்ட ஆண்டுகளைச் சொல்லும்போது, அவர் தெரிவு செய்யப்பட்டவரா, நியமிக்கப்பட்டவரா என்று கேட்டு எழுதுங்கள்.

எந்தப் பதவி முன்னே, எது பின்னே என்பதும் தெளிவாக வேண்டும். நீதிபதி ஆசனத்தில் இருந்துகொண்டு அரசியல் செய்ய முடியாது. ஆகவே இரண்டு பதவிகளுக்கும் நடுவே ஓய்வோ, பதவி விலகலோ, நீண்ட இடைவெளியோ இருந்தே தீரும். நீதியரசர் க. வி. விக்னேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் மட்டக்களப்பில் நீதவானாகத் தொடங்கியவர். 2001இல் உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2004இல் ஓய்வுபெற்றார். வடக்கு மாகாண முதலமைச்சரானது 2013இல். நடுவில் ஒன்பது ஆண்டுகள். உங்கள் ஆளின் வாழ்க்கையிலும் அந்த இடைவெளியைத் தேடுங்கள். ஆசனத்தில் இருந்தவர் ஏன் தெருவுக்கு இறங்கினார் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

ஆவணங்களுக்கு வருகிறேன். நியமனத் திகதிகளுக்கு அரசிதழான வர்த்தமானியைப் பாருங்கள். பழைய வீரகேசரியையும் தினகரனையும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் புரட்டலாம். அவ்வளவு தூரம் போகுமுன் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். நம்மவர்களின் நினைவு மலர்கள், பாடசாலை மலர்கள், பழைய இதழ்கள் நிறைய ஏறியிருக்கின்றன. மாநகர சபைக் கூட்டறிக்கைகளைச் சும்மா போய்க் கேட்டு அலைய வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். 'அவர் காலத்து அறிக்கைகள் எல்லாம்' என்று கேட்காமல் மாதத்தையும் ஆண்டையும் குறித்துக் கேட்டால் வேலை விரைவில் முடியும்.

நீதிபதியின் குரல் வழக்கேட்டில் இருக்கிறது. சட்ட அறிக்கைத் தொகுதிகளில் மேன்முறையீட்டுத் தீர்ப்புகளே வரும். நீதவான் நீதிமன்றத்தில் அன்றாடம் எழுதப்பட்டவை வழக்கேட்டோடு நின்றுவிடும். அதில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வழக்கிலக்கம் தெரிந்திருக்க வேண்டும். நான் கண்ட சுலபமான வழி, மூத்த சட்டத்தரணிகளின் அலுவலகங்கள். அங்கே சான்றுப்படுத்திய பழைய பிரதிகள் நூலால் கட்டிக் கிடக்கும். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் நனைந்து ஒட்டிப்போன கட்டுகளையும் கண்டிருக்கிறேன். அவற்றைப் பிரிக்க முயலாதீர்கள். பழைய ஏடுகள் ஆங்கிலத்தில் இருக்கும். 1978 அரசியலமைப்புதான் வடக்கு கிழக்கின் கீழ் நீதிமன்றங்களில் தமிழில் பதிவெழுத வழி செய்தது.

அப்படி ஒரு கட்டில்தான், நான் கடைசியாக எழுதியவர் நீதிபதியாக இருந்தபோது எழுதிய ஒரு பதிவைக் கண்டேன். அது நடந்த அன்று நான் நீதிமன்றத்தில் இருந்தேன். வயல் வரம்புத் தகராறில் எதிரியாக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவராக, நிறுத்தப்பட்ட ஒரு வயோதிப அம்மா. காலையில் பெயர் கூப்பிட்டார்கள், ஆள் இல்லை. பிடியாணை போனது. பதினொரு மணியளவில் அந்த அம்மா சேலைக் கரை முழங்கால் வரை நனைந்தபடி வாசலில் நின்றார். உள்ளே வரப் பயம். "ஐயா, பாதை வரவில்லை" என்றார், வாவியைக் கடக்கும் மிதவையை. நான் எழுந்து சொன்னேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேனையை எடுத்தார். அவர் எழுதியது இதுதான்: 'எதிரி ஆஜர். மண்முனைப் பாதை காற்றினால் பிந்தியது. காலையில் விடுத்த பிடியாணை மீளப்பெறப்படுகிறது. படுவான்கரையார் வழக்குகளை இனிமேல் பதினொரு மணிக்கு முன் கூப்பிட வேண்டாம்.'

எழுத்து சாய்ந்து, மை சிறிது பரவியிருந்தது. கடைசி வரியின் கீழ் பதிவாளர் தன் சுருக்கொப்பத்தை வைத்திருந்தார். அன்று முதல் நான் மாற்றலாகும் வரை அந்த ஒழுங்கு நடந்தது. வாவிக்கு அப்பால், படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் அவரை நினைவில் வைத்திருப்பது பெரிய தீர்ப்பு எதற்காகவும் அல்ல, இந்த ஒரு வரிக்காகத்தான்.

இப்படி ஒன்று கிடைத்தால் அதை அப்படியே படியெடுங்கள், அலங்கரிக்காதீர்கள். ஆனால் விளக்குங்கள். மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. இன்று பத்து வயதுப் பிள்ளைக்குப் பாதை என்றால் நடக்கும் வழிதான். மனிதரையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்த மிதவைக்கு நாம் பாதை என்று சொன்னோம் என்பதை நீங்கள் எழுதாவிட்டால், அந்த வரியின் கருணை அந்தப் பிள்ளைக்கு விளங்காது. கூடவே, வழக்கில் வந்தவரின் பெயரையும் ஊரையும் மறையுங்கள். புகழ் நீதிபதிக்கு வரும். வழக்கின் அவமானம் அந்தக் குடும்பத்துக்குத் திரும்பி வரக் கூடாது. பெண்களும் சிறுவர்களும் பாதிக்கப்பட்ட வழக்குகளைத் தொடவே வேண்டாம். நிலுவையில் இருப்பதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

மேன்முறையீட்டில் அவர் தீர்ப்பு மாற்றப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். இருபது ஆண்டுகள் தீர்ப்பெழுதியவரின் ஒரு தீர்ப்புமே மாறவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் தெரிந்தவர் யாரும் நம்பமாட்டார்.

பிறப்பு, திருமணம் பற்றி ஒரு சொல். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போகும், கலியாணம் முடித்த ஆண் மனைவியின் ஊரில் குடியிருப்பான். ஆகவே 'அவர் ஊர் எது?' என்று கேட்டால் இரண்டு விடை வரும். இரண்டையும் எழுதுங்கள். குடியை, அதாவது தாய்வழி வரும் குலப்பிரிவை, எழுதுவதா என்பதைக் குடும்பத்திடம் விடுங்கள். வெளியூரார் சிலர் இங்கேயும் தேசவழமைதான் சட்டம் என்று எழுதிவிடுகிறார்கள், அது யாழ்ப்பாணத்துக்குரியது. இங்கே முன்னொரு காலத்தில் நடந்தது முக்குவர் சட்டம்.

இனி, பேட்டிகள். கூடப் படித்த பெரியவர்களிடமும் கட்சிக்காரர்களிடமும் கடைசியில் போங்கள். முதலில் அவருக்குக் கீழே நின்றவர்களிடம் போங்கள். வாசலில் பெயர் கூப்பிட்டவர், வாகனம் ஓட்டியவர், தட்டச்சு செய்த அக்கா, சபையின் சுகாதாரத் தொழிலாளிகள். 'அவர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'நல்ல மனிதர்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'காலையில் எத்தனை மணிக்கு வருவார், முதலில் யாரோடு பேசுவார், எப்போது கோபித்தார்?' என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு தொழிலாளி, முதல்வர் விடியற்காலையில் சந்தைக்குப் பின்னால் வந்து கைவண்டிகளை எண்ணிய கதையைச் சொன்னார். "பதினொரு வண்டி இருந்தது மகன். ஒவ்வொன்றையும் தானே தள்ளிப் பார்த்தார். நான்குதான் நேராக ஓடியது." அடுத்த கூட்டறிக்கையைத் தேடிப் பார்த்தேன். ஏழு வண்டிகளுக்குச் சில்லு வாங்க ஒப்புதல். வாய்மொழியும் ஏடும் இப்படிக் கைகோத்து நின்றால் துணிந்து எழுதலாம்.

ஆனால் அதே கூட்டறிக்கைகளில் வேறொன்றும் கிடைத்தது. சந்தைக் கடைகளைப் புதிய இடத்துக்கு மாற்றும் விடயம். ஒரு தரப்பு வந்தால் மறு தரப்பு வராது. வராதவரின் பக்கத்தைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது என்று முதல்வர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒத்திவைத்தார். நாங்கள் நீதிமன்றத்தில் சொல்வோமே, தவணை போடுவது, அதேதான். ஐந்து தவணைகள். இதற்கிடையில் மாரி தொடங்கிவிட்டது. மரக்கறிக்காரர்கள் அந்த மாரி முழுவதும் தறப்பாளுக்குக் கீழே சேற்றில் இருந்து விற்றார்கள்.

எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. பாதை பிந்தியவருக்காகக் காத்திருந்த அதே மனிதர், அதே குணத்தோடு, இங்கேயும் காத்திருந்தார். நீதிமன்றத்தில் அந்தக் காத்திருப்பு ஓர் அம்மாவைச் சிறையிலிருந்து காத்தது. சபையில் நாற்பது குடும்பங்களை நனையவிட்டது. இரண்டு கொப்பிகளையும் அருகருகே விரித்து வைத்துப் படித்தபோதுதான் இது கண்ணில் பட்டது. உங்கள் ஆளிடமும் இப்படி இரண்டு ஆசனங்களிலும் தொடர்ந்து வந்த ஒரு குணம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் எதை எழுதுவது, எதை விடுவது என்ற கேள்விகள் தாமாகத் தீரும்.

குடும்பத்தில் ஒருவர் சந்தைப் பகுதியை எடுத்துவிடச் சொல்வார். எனக்கும் முதல்வரின் மகன் சொன்னார். சண்டை பிடிக்காதீர்கள், நீங்களே முடிவெடுத்து வெட்டியும் விடாதீர்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் முழுவதையும் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வாய்விட்டு வாசியுங்கள். பெயர்ப் பிழை, திகதிப் பிழை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அச்சான பிறகு பொது நூலகத்துக்கு இரண்டு பிரதி, நூலகம் தளத்துக்கு ஒன்று, உங்களோடு பேசிய ஒவ்வொருவர் கையிலும் ஒன்று என்று ஒதுக்கி வையுங்கள்.

நான் வாசித்த அன்று, சந்தைப் பகுதி வந்ததும் மகன் எழுந்து வெளியே போய்விட்டார். முதல்வரின் மனைவி கதிரையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம், "இருக்கட்டும் மகன், வெட்ட வேண்டாம். அந்த மாரி முழுவதும் அவர் நித்திரை கொள்ளவில்லை. மழை இரைந்தால் எழுந்து போய் யன்னலடியில் நிற்பார். அதையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார்.

சேர்த்து எழுதினேன்.