மலைப்பாதைக்கு ஏற்ற சிறிய குடும்பக் கார்: உண்மையான மைலேஜை அறிந்து வாங்கும் முறை

நீலகிரியில் குடியிருந்துகொண்டு கார் வாங்க எண்ணும் குடும்பங்கள் முதலில் கேட்கும் கேள்வி, மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால், ஷோரூமில் அதற்குக் கிடைக்கும் விடை நம் சாலைகளுக்கு உரியதன்று. லிட்டருக்கு 22, 24 என்று விளம்பரங்களில் அச்சாகும் எண்கள், காரின் சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிட்டு ஆய்வகத்தில் அளந்தவை. அந்தச் சோதனை ஏறத்தாழ 20 நிமிடம் நடக்கும்; ஓடும் தூரம் 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ.; ஏசி ஓடாது; ஏற்றம் என்பதே கிடையாது. எல்லாக் கார்களையும் ஒரே முறையில் அளப்பதால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட அந்த எண் பயன்படும். மலையடிவாரத்துக் கல்லாற்றைத் தாண்டி மலையேறத் தொடங்கியபின் வண்டி என்ன கொடுக்கும் என்பதை அது சொல்லாது.

ஓட்டுவதற்கு விறுவிறுப்பான கார் என்றால் பெட்ரோலை அதிகம் குடிக்கும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. மலையில் அது பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. எடை குறைந்த, குறைந்த ஆர்பிஎம்மிலேயே (இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே) இழுவை தரும் கார் வளைவுகளில் சுகமாகத் திரும்பும். கியரை அடிக்கடி இறக்கி இன்ஜினை அலறவிடவும் தேவையிராது. இந்த இரண்டு குணங்களே பெட்ரோலையும் மிச்சப்படுத்துகின்றன. ஆகவே மகிழ்ச்சியா, சிக்கனமா என்று ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டையும் தரும் காரை எப்படி அடையாளம் காண்பது என்பதைத்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

ஏற்றம் எவ்வளவு கேட்கிறது

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலும், ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. குன்னூர் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் வண்டி 1,900 மீட்டர் உயர வேண்டும். 920 கிலோ எடையுள்ள சிறிய கார், அதில் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர், பைகள் என்று சேர்த்து மொத்தம் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 22 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருந்தாலும், அதில் 30 விழுக்காட்டைத்தான் இன்ஜின் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்று கொண்டால், தூக்கும் வேலைக்கு மட்டும் இரண்டேகால் லிட்டர் போய்விடும். டயரின் உராய்வு, காற்றின் தடை, வளைவுதோறும் வேகத்தைக் குறைத்து மறுபடி கூட்டுவது ஆகியவற்றுக்கு இன்னும் ஒரு லிட்டராவது ஆகும். எனவே மலையேறும்போது லிட்டருக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் கிடைத்தால் வண்டியில் குறை ஏதும் இல்லை. எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இதே கணக்கு எடையின் விலையையும் காட்டுகிறது. வண்டியில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு 100 கிலோவும், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஒருமுறை ஏற ஏறத்தாழ 190 மில்லி பெட்ரோலைக் கூடுதலாகக் கேட்கும். சமவெளி நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது எடை இவ்வளவு பெரிதாகத் தெரியாது. மலையில் வசிப்பவர்கள் விவரச்சீட்டில் மைலேஜ் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே காரின் எடையைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இறக்கத்தில் கணக்கு தலைகீழாகிறது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இன்றைய பெட்ரோல் இன்ஜின்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடும். சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது நம் ஊரில் இன்னும் ஒழியாத தவறான நம்பிக்கை. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். வேகத்தைத் தாங்கும் சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது மலைப்பாதை விபத்துகளுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. இரண்டாம் கியரில் இறங்குவதுதான் பாதுகாப்பு. பெட்ரோல் மிச்சமாவதும் அதில்தான்.

அளப்பது எப்படி

ஏற்றத்தில் 13, இறக்கத்தில் கணக்கில்லாமல் கிடைக்கும்போது, ஒருவர் சொல்லும் மைலேஜ் எந்தத் திசையில் அளந்தது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. கோயம்புத்தூர் போய்வந்த உறவினர் லிட்டருக்கு 24 கிடைத்தது என்றால், அவர் இறங்கும் வழியில் மட்டும் டிஸ்பிளேயைப் பார்த்திருக்கக்கூடும். நம்பத்தக்க அளவு என்பது புறப்பட்ட உயரத்துக்கே திரும்பி வந்தபின் எடுக்கும் அளவு ஒன்றுதான்.

செய்ய வேண்டியது எளிது. நம் ஊரிலேயே ஒரு பெட்ரோல் பங்க்கில் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். வழக்கமான ஓட்டத்தைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின், அதே பங்க்கில், அதே குழாயில், வண்டியை அதே பக்கம் பார்த்து நிறுத்தி மறுபடி நிரப்ப வேண்டும். மலையூர் பங்க்குகளின் தளம் பல இடங்களில் சரிந்திருக்கும். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து டேங்க்கில் ஓரிரு லிட்டர்கூட வேறுபடலாம். ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். டிஸ்பிளே காட்டும் எண் பெரும்பாலும் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

கார் வாங்கும் முன் இந்த அளவை எப்படிப் பெறுவது? அதே மாடலை நம் ஊரிலேயே ஓட்டுபவர்களிடம்தான் கேட்க வேண்டும். டிஎன் 43 என்ற பதிவெண்ணோடு நிற்கும் அந்தக் காரின் உரிமையாளரிடம், "என்ன மைலேஜ் வருகிறது?" என்பதற்குப் பதிலாக, "மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எவ்வளவு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறீர்கள்?" என்று கேட்டால் உண்மைக்கு அருகிலான விடை வரும். அவர் ஊட்டி நகருக்குள் பள்ளிக்கும் சந்தைக்கும் மட்டும் ஓட்டுபவரா, வாரந்தோறும் கோவைக்குப் போய்வருபவரா என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும். காலைக் குளிரில் புறப்பட்டு மூன்று கிலோமீட்டரில் முடிந்துவிடும் பயணங்களில் இன்ஜின் சூடாவதற்கு முன்பே வண்டி நின்றுவிடுகிறது; குளிர்ந்த இன்ஜினுக்கு எரிபொருள் அதிகம் ஊட்டப்படும்; ஆயிலும் தடித்திருக்கும். ஏசி தேவைப்படாத ஊர் என்ற இலாபம் நமக்கு உண்டு. ஆயினும், மழைக்காலத்தில் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க ஏசியைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு செய்தியை இங்கே சேர்த்துக்கொள்ளலாம். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், ஒரு லிட்டர் கலவையில் 6 முதல் 7 விழுக்காடு ஆற்றல் குறைவு. பழைய எண்களோடு இன்றைய எண்களை ஒப்பிடுவோர் இதை மறந்துவிடக் கூடாது.

எந்த இன்ஜின்

உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. ஊட்டியின் உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு மெலிந்திருக்கும். டர்போ இல்லாத இன்ஜினின் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். 2024இல் வந்த மாருதி ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின் விவரச்சீட்டில் 82 பிஎஸ் (இன்ஜின் திறனின் அளவு) காட்டுகிறது. ஊட்டியில் அது 65க்கு அருகில் வந்துவிடும். சமவெளியில் துள்ளலாகத் தெரிந்த கார், நான்கு பேரோடு மலையேறும்போது திணறுவதாகப் பலர் சொல்வதற்கு இதுதான் விளக்கம். டர்போ இன்ஜின் மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே செலுத்துவதால் திறனைப் பெருமளவு காத்துக்கொள்கிறது. மாருதி ஃப்ராங்ஸின் 1.0 லிட்டர் டர்போ 100 பிஎஸ் திறனும் 147.6 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் இழுவிசை) கொண்டது. ஸ்விஃப்டின் டார்க் 112க்குச் சற்றுக் குறைவு. மேலே வந்தபின் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது.

ஆனால், சிறிய டர்போ இன்ஜின்களிடம் ஒரு குணம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் வேகம் தேய்ந்து, இரண்டாம் கியரில் ஆர்பிஎம் 1,200 வரை இறங்கிவிட்டால், டர்போ விழித்துக்கொள்ளும் வரை ஓரிரு நொடி வண்டி செத்தது போலக் கிடக்கும். அந்த நொடியில் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிப்பவருக்கு மைலேஜும் போகும், ஓட்டும் இன்பமும் போகும். இந்தக் குணம் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

டீசல் ஹேட்ச்பேக்குகள் அரிதாகிவிட்டன. டாடா ஆல்ட்ரோஸின் 1.5 லிட்டர் டீசல் 200 நியூட்டன் மீட்டர் இழுவையோடு மலையை எளிதாக ஏறும். எனினும் இன்றைய டீசல் கார்களின் புகைக்குழாயில் உள்ள வடிகட்டி, தொடர்ந்து நெடுந்தூரம் ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஊருக்குள் சிறு பயணங்கள் மட்டும் போகும் குடும்பத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிஎன்ஜி வண்டிகளில் எரிவாயுவில் ஓடும்போது திறன் மேலும் குறைகிறது. ஸ்விஃப்ட் சிஎன்ஜி 70 பிஎஸ் அளவில்தான் நிற்கிறது. டிக்கியும் சிலிண்டருக்குப் போய்விடுவதால், மலையில் குடும்பத்தோடு செல்ல அது ஏற்றதன்று. மின்சாரக் கார் ஏற்றத்தில் அருமையாக இழுக்கும். இறக்கத்தில் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யும். ஆனால் ஊட்டியில் வீட்டிலேயே முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமிராது. 80 விழுக்காட்டில் நிறுத்திவிட்டு இறங்குவது நல்லது.

டெஸ்ட் டிரைவில் கவனிக்க வேண்டியவை

கோவையின் சமதளச் சாலையில் விற்பனையாளரோடு இருவராக ஓட்டிப் பார்த்து முன்பணம் கட்டிவிட வேண்டாம். குடும்பம் முழுவதும் ஏறிக்கொண்டு, ஏற்றமுள்ள சாலையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். குன்னூரிலிருந்து அருவங்காடு, எல்லநள்ளி வழியாக ஊட்டி வரும் சாலையும், கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாக வரும் சாலையும் இதற்குப் பொருத்தமானவை. ஏற்றத்தில் வண்டியை முழுதாக நிறுத்தி மறுபடி எடுங்கள். பின்னால் உருளாமல், கிளட்ச் கருகும் வாடை வராமல், அதிகம் மிதிக்காமல் அது கிளம்ப வேண்டும். பிறகு மூன்றாம் கியரில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் ஏறிப் பாருங்கள். அதே கியரில் முனகாமல் இழுத்துக்கொண்டு போனால், அந்தக் கார் உங்களுக்கு நல்ல மைலேஜையும் கொடுக்கும். இரண்டாம் கியருக்கு ஓயாமல் இறங்க வேண்டியிருந்தால், விவரச்சீட்டில் எந்த எண் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம்.

கிளட்ச் மிதிக்காமல் தானாக மாறும் ஏஎம்டி கியர் உள்ள கார்களில், வளைவின் நடுவே காலைச் சற்றுத் தூக்கியதும் கியர் மேலே ஏறிவிட்டு, மறுபடி மிதிக்கும்போது தடுமாறி இறங்கும். மேனுவல் நிலையில் இரண்டாம் கியரைப் பிடித்து நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஏஎம்டியும் நம் சாலைக்குப் போதுமானது.

பின்சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து அவர்கள் முகத்தைக் கவனிப்பதும் இந்தச் சோதனையில் ஒரு பகுதிதான். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பர்லியாறு வருவதற்குள் வாந்தி எடுக்கும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பின் ஜன்னல் உயரமாகவும் சிறியதாகவும் இருந்து வெளியே தெரியாவிட்டால் தலைசுற்றல் கூடும். வளைவில் அதிகம் சாயும் காரும் அப்படித்தான். பிள்ளைக்குக் குமட்டாதபடி ஓட்டுபவர் வேகத்தை முன்கூட்டியே குறைத்து, வளைவிலிருந்து மெல்லக் கூட்டுவார். அப்படி ஓட்டும்போது மைலேஜும் கண்ணில் தெரியும்படி உயர்கிறது. டிக்கியைப் பொறுத்தவரை ஸ்விஃப்டில் 265 லிட்டரும், பலேனோவில் 318 லிட்டரும் இருக்கின்றன. டிக்கி போதாமல் கூரைமேல் கேரியர் வைக்க நேர்ந்தால், எடையும் காற்றுத் தடையும் சேர்ந்து மைலேஜைத் தின்றுவிடும்.

பணக்கணக்கையும் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடும் வீட்டில், லிட்டருக்கு 16 கொடுக்கும் கார் 625 லிட்டரும், 18 கொடுக்கும் கார் 556 லிட்டரும் குடிக்கும். லிட்டர் ரூ.100 என்று வைத்தால் வேறுபாடு ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.7,000. இந்தத் தொகைக்காகத் திணறும் காரை வாங்கி, பத்து ஆண்டுகள் ஒவ்வொரு ஏற்றத்திலும் மனம் நோக வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதே சமயம், டர்போ மாடலின் விலை ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தால், அது பெட்ரோலில் திரும்பிவராது. இழுவைக்காகவும் இன்பத்துக்காகவும் கொடுக்கும் விலை என்று தெரிந்தே கொடுக்க வேண்டும். மலைக்கு எப்போதாவது வருபவருக்கு அது தேவையில்லை. வாரந்தோறும் ஏறி இறங்குபவருக்குத் தகும்.

வேரியன்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது டயரின் அளவையும் பாருங்கள். ஸ்விஃப்டின் அடிப்படை வேரியன்ட்டில் 165/80 ஆர்14 டயரும், மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15 டயரும் வருகின்றன. அகலம் குறைந்த டயர் சற்று எளிதாக உருளும்; மாற்றும்போது செலவும் குறைவு. ஆயினும் ஜூன் முதல் டிசம்பர் வரை நனைந்தே கிடக்கும் நம் சாலைகளில் பிள்ளைகளோடு இறங்கும் குடும்பத்துக்கு, அகலமான டயரின் பிடிப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். டயர் எதுவானாலும், காற்றை ஊட்டியின் குளிர்ந்த காலையில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சமவெளியின் வெயிலில் 33 பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு வந்த டயர், உறைபனி விழும் ஜனவரிக் காலையில் 31க்குக் கீழே காட்டக்கூடும்.