காட்டு லூப்பினா, தோட்டத்து லூப்பினா? இலையை எண்ணுங்கள்
மே கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி பைன் புஷ் பக்கம் போனால், பைனும் குட்டை ஓக்கும் நிற்கிற மணல்மேட்டில் லூப்பின் நீலஊதாவாகப் பூத்திருக்கும். அது அந்த மண்ணின் செடியா, தோட்டத்திலிருந்து தப்பி வந்த அமெரிக்க மேற்குக்கரை வகையா என்று பூவைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். குடைக்கம்பி மாதிரி ஒரே புள்ளியிலிருந்து விரியும் சிற்றிலைகளை எண்ணுங்கள்: உள்ளூர் வகையில் பெரும்பாலும் 7 முதல் 11, மற்றதில் 17 வரைகூடப் போகும், செடியும் இடுப்பளவு வளர்ந்துவிடும், உள்ளூர் வகையோ முழங்கால் உயரம்தான். 9, 10 என்று வந்தால்தான் சிக்கல், இரண்டு வகையிலும் வரக்கூடிய எண்கள் அவை, அப்போது நாலைந்து இலைகளை எண்ணி, உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், இலையைப் பறிக்காமல் எண்ணுங்கள். கார்னர் நீல வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு இந்த உள்ளூர் லூப்பின் ஒன்றுதான் சாப்பாடு.