பழைய காசில் இருப்பது அச்சுப் பிழையா, அடிபட்ட தழும்பா?

"அபூர்வப் பிழை" என்று காட்டப்படும் காசுகளில் பெரும்பாலானவை அச்சாலையை விட்டு வெளியே வந்தபிறகு நசுங்கியவை, அரிபட்டவை, தேய்ந்தவை. அதனால் காசைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அச்சடிக்கும் இயந்திரம் இப்படிச் செய்திருக்க முடியுமா?

முதலில், காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, அதே வகையில் பிழையில்லாத இன்னொரு காசு, இவை போதும்.

அடுத்து எடை. 1943இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அமெரிக்கா ஒரு சென்ட் காசை துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது, எடை 2.7 கிராம். தவறுதலாகச் செம்பு வில்லையில் (உருவம் பதியாத வெறும் வட்டத் தகட்டில்) அடிக்கப்பட்ட சில காசுகள் சுமார் 3.1 கிராம் இருக்கும், காந்தத்தில் ஒட்டாது. செம்பு முலாம் பூசிய போலி ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டுச் செம்புக் காசின் 8ஐச் சுரண்டி 3 ஆக்குகிற கைகாரர்களும் உண்டு!

அப்புறம் இரட்டை எழுத்து. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சிலேயே அந்த உருவம் இருமுறை பதிந்திருந்தால் இரண்டு எழுத்தும் உருண்டு மேடாக நிற்கும், மூலைகளில் பிளவு தெரியும். 1955ஆம் ஆண்டின் சில அமெரிக்க சென்ட் காசுகளில் இது வெறுங்கண்ணுக்கே தெரியும். அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வந்த இரட்டிப்போ தட்டையான படி போலிருக்கும், எழுத்தும் மெலிந்திருக்கும். அதற்குப் பெரிதாக விலை கிடையாது.

விளிம்பு பிறைபோல் வெட்டுப்பட்டிருந்தால் நேர் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். வில்லையின் விளிம்பை உயர்த்தும்போது வெட்டுக்கு எதிரே அழுத்தம் குறைவதால் அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். அங்கே கூர்மையாக இருந்தால், வெட்டில் அரத்தின் கோடுகள் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சரி, விலை? விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள். உருவம் மையம் விலகிப் பதிந்த காசில் ஆண்டு முழுதாகத் தெரிந்தால் மதிப்பு கூடும். காசைச் சோதித்துத் தரச்சான்று தரும் நிறுவனத்தின் கட்டணம் எதிர்பார்க்கும் விலையைவிட அதிகமென்றால் அனுப்பாதீர்கள். எடையை ஒரு சீட்டில் குறித்து, காசோடு உறையில் போட்டு வையுங்கள்.